‘கொரோனா பேட்ச்’ பிள்ளைகளுக்கு இனிப் படிப்பே ஏறாதா?

காரைக்குடி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “ஆன்லைனில் படித்த கொரோனா பேட்ச் பிள்ளைகளின் மூளை மங்கிவிட்டது, இனித் தேறமாட்டார்கள்.” இது தவறு.

இழப்பு நடந்தது உண்மை. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் தமிழகத்தில் 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. எங்கள் வளவில் ஒரு சிறுமி ஒன்றாம் வகுப்பை வகுப்பறையே பார்க்காமல் முடித்தாள். வீட்டில் இருந்த ஒரே போனை அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். பள்ளி திறந்தபோது, படத்தைப் பார்த்து ‘யானை’ என்பாள். படத்தைக் கையால் மறைத்தால் முழிப்பாள். மூளை மங்கவில்லை, எழுத்தை யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

சரி, தேறினார்களா? பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கும் ஏசர் (ASER) ஆய்வு இந்தியக் கிராமப்புறங்களில் எடுத்த கணக்கு இது. அரசுப் பள்ளி ஐந்தாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் 2018-இல் 44.2 சதவீதம், 2022-இல் 38.5, 2024-இல் 44.8. அந்த 2024 ஐந்தாம் வகுப்பினர் யார்? 2020-இல் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டியவர்கள். பேட்ச் என்றால் அந்த பேட்ச்தான்! (பாதிப்பேர்கூட வாசிக்கவில்லையே என்று கேட்கலாம்; அது கொரோனாவுக்கு முந்தைய நோய்.)

இங்கே 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய, தன்னார்வலர்கள் வீட்டருகே மாலை வகுப்பு எடுத்த ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டமும் கைகொடுத்தது. அந்தச் சிறுமிக்கு மாலை வகுப்பு பக்கத்து வீட்டுத் திண்ணையில்தான். அப்புறம் படத்தை மறைத்தாலும் வாசித்தாள்.