கயிற்றின் மேல் பழி போடாதீர்கள்

இரண்டு நாளாக எங்கே திரும்பினாலும் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் உள்ள நம் பனிச்சறுக்கு மேட்டின் வீடியோதான். பையன் கயிற்றைப் பிடிக்கிறான், குப்புற விழுகிறான், முடிந்தது. அதற்குள் "இந்தக் காலத்திலும் இப்படியொரு பழைய கயிறா, இழுத்து மூடுங்கள்" என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள். அங்கே என்ன நடந்தது என்று ஒருவராவது கேட்டீர்களா?

ரோப் டோ என்பது சறுக்குபவர்களைச் சரிவில் மேலே இழுத்துப்போக நிற்காமல் ஓடும் கயிறு. ஓடுகிற கயிற்றை எடுத்த எடுப்பில் இறுக்கிப் பிடித்தால் கை முன்னால் போகும், உடம்பு நின்ற இடத்திலேயே நிற்கும். யாராக இருந்தாலும் விழத்தான் செய்வார்கள். காலில் மாட்டிய ஸ்கீ பலகை இரண்டையும் தடத்துக்கு நேராக வைத்து, முதலில் கயிற்றை உள்ளங்கைக்குள் வழுக்கி ஓட விட வேண்டும். பிறகு பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். உடம்பு நகரத் தொடங்கியதும் இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் அங்கேயும் கயிற்றைப் பிடித்துக்கொண்டால் பாரம் பாதியாகக் குறையும். தடித்த தோல் கையுறை கட்டாயம். கம்பளிக் கையுறையைக் கயிறு அரைத்துத் தின்றுவிடும். ஓடும் கயிறு முறுக்கிக்கொண்டே போகும். அதனால்தான் ஸ்கார்ஃபையும் முடியையும் உள்ளே செருகச் சொல்கிறார்கள். மேலே போனதும் கயிற்றை விட மறந்தவருக்காகக் குறுக்கே ஒரு கம்பி இருக்கிறது. அதில் பட்டாலே மோட்டார் நின்றுவிடும்.

வீடியோவைக் கடைசிவரை பார்த்தால் கீழே நிற்பவர் கயிற்றை நிறுத்தும் சுவிட்சை அழுத்துவதும் தெரியும். அந்தப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் எல்லோரும் பகிர்கிறீர்கள். மனசு வலிக்கிறது.

பழைய கயிறுதான், இல்லை என்று யார் சொன்னது? 1934 ஜனவரியில் இதே வெர்மான்ட்டின் வுட்ஸ்டாக்கில், ஒரு பண்ணையின் மேய்ச்சல் சரிவில், ஃபோர்டு மாடல் டி எஞ்சினைப் பூட்டி ஓட்டியதுதான் அமெரிக்காவின் முதல் ரோப் டோ. ஈஸ்ட் காரிந்த் ஊரின் நார்த்ஈஸ்ட் ஸ்லோப்ஸ் என்ற சறுக்கு மேடு 1936-இலிருந்து இருக்கிறது. ஊர்க்காரர்களே சம்பளமில்லாமல் நடத்துகிறார்கள். அஸ்கட்னி மலையில் பெரிய ரிசார்ட் 2010-இல் மூடிவிட்டுப் போனபின், வெஸ்ட் விண்ட்சர் ஊரே நிலத்தை வாங்கி, முதலில் ஒரு கயிற்றைத்தான் ஓட்டியது. இடுப்புக்குப் பின்னால் வைத்து இழுத்துப்போகும் டி-பார் கம்பி பிறகுதான் வந்தது.

"சேர்லிஃப்ட் (கம்பியில் தொங்கும் நாற்காலி) போடலாமே" என்கிறவர்கள் அதன் விலையை விசாரித்துவிட்டு வரட்டும். பனி குறைந்து வருகிறதே என்பவர்களுக்கு: ஆமாம், குறைகிறது. அதனால்தான் இலையுதிர் காலத்திலேயே சரிவின் புல்லை ஒட்ட வெட்டிக் கல்லைப் பொறுக்குகிறார்கள். வெட்டிய புல்மேல் ஒரு சாண் பனி விழுந்தாலே திறந்துவிடலாம், பாறைச் சரிவில் அது முடியாது. செயற்கைப் பனி என்றால் ஒரு ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு ஏறத்தாழ 5 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். காற்று நன்றாக உலர்ந்திருந்தால் வெப்பமானி 0 டிகிரி காட்டும்போதும் பனி செய்யலாம். மைனஸ் 1 காட்டியும் காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் சகதிதான் கிடைக்கும். இதற்காக நடுராத்திரியில் எழுந்து ஈரப்பதம் பார்க்கிறவர்களைத்தான் பொறுப்பில்லாதவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

இங்கே வெர்மான்ட்டின் ரிச்மண்டில் காக்ரன் குடும்பம் 1961-இல் வீட்டுக்குப் பின்னால் ஒரு கயிற்றைப் போட்டது. அந்தச் சரிவில் பழகிய நான்கு பிள்ளைகளும் ஒலிம்பிக் போனார்கள். அவர்களில் பார்பரா ஆன் 1972 சப்போரோவில், கம்பங்களை வளைந்து கடக்கும் ஸ்லாலம் பந்தயத்தில், தங்கம் வென்றது 0.02 விநாடி வித்தியாசத்தில். ஐம்பது வருஷம் கழித்து, 2022 பெய்ஜிங்கில், அவர் மகன் ரையன் 0.04 விநாடியில் தங்கத்தைத் தவறவிட்டு வெள்ளி வாங்கினார். அந்த மேடு 1998 முதல் லாபநோக்கமற்ற அமைப்பாக நடக்கிறது. கயிற்றைப் பிடித்து ஏறி, விழுந்து, மறுபடி ஏறுகிற குழந்தை ஒரு சாயங்காலத்தில் எத்தனை தடவை இறங்கும் என்று எண்ணிப் பாருங்கள். சேர்லிஃப்டில் உட்கார்ந்து போகிறவனுக்கு அதில் பாதி கிடைக்குமா?

"பதக்கம் வேண்டாம், பாதுகாப்புதான் வேண்டும்" என்பீர்கள். சரி. பெரிய ரிசார்ட்டில் கவுண்டரில் வாங்கும் ஒருநாள் டிக்கெட் 200 டாலரைத் தாண்டுகிறது. பால்பண்ணைக்காரர் மூன்று பிள்ளைகளோடு அங்கே எப்படிப் போவார்? இந்த மேட்டையும் மூடிவிட்டால் அந்தப் பிள்ளைகள் ஜனவரி முழுக்க எங்கே போவார்கள்? நியூ இங்கிலாந்தில் இப்படி மூடப்பட்ட சறுக்கு மேடுகள் 500-க்கும் மேல். ஒன்றுகூடத் தானாகத் திரும்பத் திறந்ததில்லை.

வீடியோவை நீக்கச் சொல்லவில்லை. முழுசாகப் போடுங்கள். அளவு சின்னதாகிப்போன தோல் கையுறை வீட்டில் கிடந்தால் டிக்கெட் மேஜையில் கொடுத்துவிட்டுப் போங்கள். சின்ன அளவுகள்தான் அங்கே எப்போதும் பற்றாக்குறை.