தசை சுருங்கும்போது இழைகள் குட்டையாவதில்லை

தசை சுருங்கும்போது அதற்குள் இருக்கும் ஆக்டின் (மெல்லிய), மயோசின் (தடித்த) புரத இழைகளும் குட்டையாகின்றன என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அதைப் பலர் பகிர்ந்தும் விட்டார்கள். அது சரியில்லைங்க. இழைகளின் நீளம் மாறுவதில்லை. மயோசினின் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கின்றன; செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி வந்து ஒட்டியதும் விட்டுவிட்டு அடுத்த இடத்தைப் பற்றுகின்றன. மெல்லிய இழைகள் இப்படித் தடித்த இழைகளுக்கு இடையே வழுக்கி உள்ளே போவதால்தான் தசை இழையின் சுருங்கும் அடிப்படை அலகான சார்கோமியர் குறுகுகிறது. 1954-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக இதைக் கண்டு, 'நேச்சர்' இதழில் வெளியிட்டன.

நீங்களே சரிபார்க்கலாம். பக்கத்து நூலகத்தில் ஓர் உடலியங்கியல் பாடநூலை எடுங்கள். தளர்ந்த தசை, சுருங்கிய தசை இரண்டின் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களிலும் கருமையான ஏ பட்டையை அளந்து பாருங்கள் (படத்தின் ஓரத்தில் உள்ள அளவுகோட்டை மறக்காதீர்கள்). இரண்டிலும் அகலம் ஒன்றுதான், சுமார் 1.6 மைக்ரோமீட்டர். மெல்லிய இழைகள் மட்டுமே உள்ள வெளிறிய ஐ பட்டைதான் ஒடுங்கியிருக்கும். மயோசின் இழையின் முழு நீளமே ஏ பட்டை. இழை குட்டையானால் அதுவும் குறுகியிருக்க வேண்டுமே?

பலதுறைத் தொழிற்கல்லூரியில் தாதிமை படிக்கும் பிள்ளைகளும் இங்கே வாசிக்கிறார்கள். பதிவிட்டவர் அந்த ஒரு வரியைத் திருத்திவிட்டால் நல்லது.