பெட்டியை வாங்கிப் பூட்டி வைக்காதீர்கள்

இதயம் திடீரென நின்றுபோனவருக்கு மின் அதிர்ச்சி (ஷாக்) கொடுத்துத் துடிப்பைச் சீராக்கும் ஏஇடி கருவியைக் கல்லூரி வளாகங்களில் வைக்க வேண்டும் என்ற பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. சந்தோஷம். ஆனால் கருவி வந்து இறங்கியதோடு வேலை முடிந்தது என்று எந்த நிர்வாகமும் இருந்துவிடக் கூடாது.

ஹாங்க் கேதர்ஸ் என்று ஒரு கூடைப்பந்து வீரர். லாஸ் ஏஞ்சலீஸில் லயோலா மேரிமவுண்ட் பல்கலைக்கழக மாணவர். 1989 டிசம்பரில் ஆட்டத்தின் நடுவே மயங்கி விழுந்தார். இதயத் துடிப்பில் கோளாறு என்று தெரிந்தது. மருந்து கொடுத்தார்கள், பல்கலைக்கழகம் ஒரு டீஃபிபிரிலேட்டரும், அதாவது இதேபோல் ஷாக் கொடுக்கும் கருவியும், வாங்கி வைத்தது. 1990 மார்ச் 4 அன்று, அதே வளாகத்து அரங்கில், பந்தைக் கூடையில் அறைந்து போட்டுவிட்டுத் திரும்பியவர் சரிந்து விழுந்தார். கருவி அங்கேயேதான் இருந்தது. அவரை வெளியே தூக்கிக்கொண்டு போன பிறகுதான் அதைப் பயன்படுத்தினார்கள். பிழைக்கவில்லை. வயது 23.

அதே ஊர், 2023 ஜூலை 24. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பயிற்சியின்போது கூடைப்பந்து நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸின் மகன் பிரானிக்கு இதயம் நின்றது. 18 வயது. பல்கலைக்கழகத்தின் மருத்துவக் குழு கணமும் தாமதிக்காமல் இறங்கியது. மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது முழு நினைவோடு இருந்தார். அந்த டிசம்பரிலேயே களத்துக்குத் திரும்பிவிட்டார். இருவர் உடம்பும் ஒன்றல்ல, நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாதுதான். ஆனால் பிரானியின் பக்கத்தில் இருந்தவர்கள் தயாராக இருந்தார்கள் என்பதை எப்படி ஒதுக்கிவிட்டுப் பேசுவது?

மாரடைப்பு வேறு, இப்படி இதயம் திடீரென நின்றுபோவது வேறு. மாரடைப்பு வந்தவர் பேசிக்கொண்டே ஆட்டோவில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்விடக்கூட முடியும். இதில் இதயத்தின் மின்னோட்டம் தாறுமாறாகி, தசை வெறுமனே நடுங்கும். மூளைக்கு ரத்தம் போகாது. நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவியான சிபிஆரும் செய்யாமல் ஷாக்கும் கொடுக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. 108 மெயின் கேட்டுக்கு வந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். எந்த பிளாக் என்று வாட்ச்மேனிடம் விசாரித்து, வேகத்தடை எல்லாம் தாண்டி, ஹாஸ்டலின் மூன்றாவது மாடி ஏற எவ்வளவு நேரம் ஆகும்?

இப்போது கருவி எங்கே இருக்கும் என்று யோசியுங்கள். முதல்வர் அறைக்குப் பக்கத்தில், இல்லையென்றால் ஹெல்த் சென்டர் அலமாரியில். விலை அதிகம், காணாமல் போய்விடும் என்று ஒரு பூட்டு. சாவி வைத்திருப்பவர் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார். பிள்ளைகள் மைதானத்தில் ஓடுவது காலை ஆறு மணிக்கு, ஷட்டில் ஆடுவது இரவு எட்டு மணிக்கு!

சிகாகோ விமான நிலையங்களில் 1999-ல் இந்தக் கருவிகளை யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி வைத்தார்கள். இரண்டு வருடத்தில் இப்படித் துடிப்பு தாறுமாறாகி விழுந்த 18 பேரில் 11 பேர் காப்பாற்றப்பட்டார்கள். அந்த 11 பேரில் 6 பேரைக் காப்பாற்றியவர்கள் ஏஇடியில் எந்தப் பயிற்சியும் இல்லாதவர்கள். (அவர்களில் மூவர் மருத்துவம் படித்தவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) காரணம், கருவியே பேசும். ஒட்டும் பேட்களிலேயே படம் போட்டிருக்கும்: ஒன்று நெஞ்சின் வலது பக்கம் காறை எலும்புக்குக் கீழே, இன்னொன்று இடது விலாப்பக்கம். ஈரமோ வியர்வையோ இருந்தால் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். துடிப்பை அதுவே பார்த்து, ஷாக் தேவையென்றால் மட்டுமே கொடுக்கும். தேவையில்லாதபோது நீங்கள் பட்டனை அழுத்தினாலும் கொடுக்காது. பயப்படவே வேண்டாம்.

பயிற்சி தேவைப்படுவது அதற்கு முந்தைய நிமிடத்துக்கு. இதயம் நின்றவருக்குக் கைகால் வெட்டி இழுக்கலாம். விட்டுவிட்டுக் கொர்ரென்று மூச்சு இழுக்கலாம். உடனே வலிப்பு என்று கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள், சோடா தெளிப்பார்கள். கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு சரியாக இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த ஆரம்பித்துவிட வேண்டும். ஒருவர் 108-க்குப் பேச வேண்டும், இன்னொருவர் கருவியை எடுக்க ஓட வேண்டும்.

விழுந்தது பெண் பிள்ளை என்றால் கை வைக்கவே தயங்குகிறார்கள். பொது இடத்தில் விழும் பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகவே சிபிஆர் கிடைக்கிறது என்று வெளிநாட்டு ஆய்வுகளே சொல்கின்றன. இங்கே கேட்கவா வேண்டும்? பயிற்சியில் இதை வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். துப்பட்டாவை விரித்து நாலு பேர் மறைத்துக்கொள்ளுங்கள், பேட் வெறும் தோலில்தான் ஒட்ட வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லித்தர வேண்டும்.

யாருக்குப் பயிற்சி என்பதிலும் நமக்குப் பழைய பழக்கம் ஒன்று உண்டு. பேராசிரியர்களை ஏசி அரங்கில் உட்கார வைத்து, சான்றிதழ் கொடுத்து, போட்டோ எடுத்து முடித்துவிடுவோம். இரவு பதினொரு மணிக்கு வளாகத்தில் விழித்திருப்பவர்கள் வாட்ச்மேன், வார்டன், மெஸ் அண்ணன்கள், ஹாஸ்டல் பிள்ளைகள். முதல் பயிற்சி அவர்களுக்கு. வாங்கும்போதே கருவி எந்த மொழியில் பேசும் என்றும் கேளுங்கள். தமிழில் பேசாது என்றால் படிகளைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிப் பெட்டி மேலேயே ஒட்டுங்கள்.

அப்புறம், பேட்டுக்கும் பேட்டரிக்கும் காலாவதித் தேதி உண்டு. பேட்டின் பசை காய்ந்துபோனால் நெஞ்சில் சரியாக ஒட்டாது. மாதம் ஒருமுறை தேதியையும் கருவியின் விளக்கையும் பார்த்துக் கையெழுத்துப் போட ஒரு ஆளைப் பெயர் சொல்லி நியமியுங்கள். அவர் லீவில் போனால் யார் பார்ப்பது என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.