மரியா தெரேசா பேரரசர் பட்டத்தை வாரிசாகப் பெறவில்லை

"1438 முதல் 1806 வரை புனித ரோமப் பேரரசர் பட்டம் ஹாப்ஸ்பர்க் குடும்பச் சொத்து, மரியா தெரேசாவும் அப்படித்தான் அப்பாவிடமிருந்து பேரரசி ஆனார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. (புனித ரோமப் பேரரசு என்பது ஜெர்மனியை மையமாகக் கொண்டிருந்த மத்திய ஐரோப்பியப் பேரரசு; ஹாப்ஸ்பர்க்குகள் ஆஸ்திரியாவை ஆண்ட குடும்பம்.)

1740-இல் மரியா தெரேசாவின் அப்பா, பேரரசர் ஆறாம் சார்லஸ் இறந்தபோது மகளுக்கு வந்தவை ஆஸ்திரியா, ஹங்கேரி, பொஹீமியா போன்ற பரம்பரை நாடுகள். பேரரசர் பட்டம் அந்தக் கணக்கில் இல்லை. அதற்குத் தேர்தல் வேண்டும், பெண்ணைத் தேர்ந்தெடுக்கும் வழக்கமும் கிடையாது. 1742 ஜனவரியில் பிராங்க்ஃபர்ட்டில் கூடிய வாக்காளர்-பிரபுக்கள் பவேரியாவின் சார்லஸ் ஆல்பர்ட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் விட்டெல்ஸ்பாக் குடும்பம், ஹாப்ஸ்பர்க் அல்ல. பாவம், அவர் அங்கே முடிசூடிய அதே பிப்ரவரியில் ஆஸ்திரியப் படை அவருடைய மியூனிக் நகரைப் பிடித்துவிட்டது! 1745-இல் அவர் இறந்த பிறகே மரியா தெரேசாவின் கணவர் பிரான்சிஸ் தேர்வானார். கணவர் வழியில்தான் இவர் பேரரசி. முடிசூட்டிக்கொள்ளவும் மறுத்தார்.

ஹாப்ஸ்பர்க்குகளே பெரும்பாலும் வென்றார்கள் என்பது உண்மைதான். தந்தை உயிரோடு இருக்கும்போதே மகனை 'ரோமானியர்களின் மன்னர்', அதாவது அடுத்த பேரரசர், என்று தேர்ந்தெடுக்க வைத்துவிடுவார்கள். ஹாப்ஸ்பர்க் பேரரசர் முதலாம் மாக்சிமிலியனால் அது முடியவில்லை. அதனால் 1519-இல் அவருடைய பேரன் ஐந்தாம் சார்லஸ், பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சிஸோடு போட்டியிட வேண்டியிருந்தது. பேரரசர் தேர்தலுக்கு விதி வகுத்த 1356-இன் பொன் ஆணைப்படி வாக்கு ஏழு பேருக்குத்தான்: மூன்று பேராயர்கள், நான்கு அரசர்-பிரபுக்கள். அவர்களை வளைக்கச் சுமார் 8.5 லட்சம் ஃப்ளோரின் (தங்க நாணயம்) செலவானது. பெரும்பகுதி ஃபுக்கர் வங்கிக் குடும்பத்திடம் வாங்கிய கடன். வாரிசுச் சொத்துக்கு யாராவது இப்படிக் கடன் வாங்குவார்களா?