கம்ப நடனம் ஒலிம்பிக்கில் சேர்ந்துவிட்டதா?

"போல் டான்ஸ் ஒலிம்பிக் விளையாட்டாகிவிட்டது, கம்பத்தைச் சுற்றினாலே பதக்கம்" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. இரண்டுமே தவறு. 2017-ல் சர்வதேச போல் விளையாட்டுக் கூட்டமைப்புக்குப் பார்வையாளர் தகுதி (observer status) என்ற ஆரம்பநிலை அங்கீகாரம் கிடைத்தது. கொடுத்தது வேறொரு விளையாட்டு அமைப்பு, ஒலிம்பிக் கமிட்டி அல்ல.

சரி, பதக்கம்? அந்தக் கூட்டமைப்பின் போட்டிகளில் வயதுப் பிரிவு போக அமெச்சூர், ப்ரொஃபஷனல், எலைட் எனத் திறமைப் படிகளும் உண்டு. கட்டாய அசைவுகளுக்கு 0.1 முதல் 1.0 வரை கடினத்துக்கேற்ற மதிப்பெண். உதாரணமாக, ஓர் அசைவில் தலைகீழாகத் தொங்கிக் காலை விரித்து, அசையாமல் இரண்டு விநாடி நிற்க வேண்டும். முன்னதாகவே வழுக்கினால் அந்த அசைவுக்குப் பூஜ்யம்தான். அதுவும் 45 மில்லிமீட்டர் தடிமனுள்ள வழவழப்பான உலோகக் கம்பத்தில்! ஃபார்வர்டு செய்பவர்கள் ஒருமுறை தொங்கிப் பார்க்கலாம்.