துடைத்துக் கொடுத்தால் அது ஓவராயிலிங்கா?

"ஒயர்னா ஒருநாள் அறுந்துதாங்ண்ணா தீரும், அதுக்கு நான் என்ன பண்றது?"

என் உள்ளங்கையில் இருக்கும் ஆறு தையலைப் பார்த்துக்கொண்டே இதைக் கேட்கிறார் அந்த சைக்கிள் கடைக்காரர். கேட்டதிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது.

முந்தின நாள் சாயந்திரம்தான் ஓவராயிலிங் என்று சொல்லி அறுநூறு ரூபாய் வாங்கினார். "வண்டி புதுசு மாதிரி ஆயிருச்சுங்ண்ணா" என்றார். ஓவராயிலிங் என்றால் கழற்றி கிரீஸ் வைக்கணும், வீல் கோட்டம் எடுக்கணும், பிரேக் கட்டையையும் ஒயரையும் பார்க்கணும். இவர் கழுவித் துடைத்ததோடு சரி. அதையும் எதால் துடைத்தார்? செயினுக்கு எண்ணெய் விட்ட அதே துணியால் இரண்டு ரிம்மையும் பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறார். பிரேக் கட்டை வந்து பிடிக்கிற இடமே ரிம்தானே! அதில் எண்ணெய் தடவுவார்களா?

மறுநாள் காலை நீலகிரி மலையில் கோத்தகிரியிலிருந்து கீழே அரவேனுவுக்குச் சைக்கிளில் இறங்குகிறேன். மேகமூட்டம், ரோடெல்லாம் ஈரம். முன்னால் பச்சைத்தேயிலை மூட்டை ஏற்றிய பிக்கப் ஒன்று வளைவுக்காக வேகம் குறைக்கிறது. நானும் முன்பிரேக்கைப் பிடிக்கிறேன். டப்! லீவர் தொளதொளவென்று ஹேண்டில்பாரோடு வந்து ஒட்டிக்கொண்டது. என்ன நடந்தது என்று ஒரு விநாடி புரியவே இல்லை. பின்பிரேக்கை இறுக்கினேன். கிரீச்சென்று ஒரு சத்தமாவது வரவேண்டுமே, ஒன்றும் இல்லை. எண்ணெயிலும் தண்ணீரிலும் கட்டை வழுக்கிக்கொண்டே போகிறது. காலைத் தரையில் ஊன்றினேன், செருப்பின் அடிப்பாகம் பிய்ந்து பின்னால் போய் விழுந்தது. பிக்கப்பின் பின்கதவு நெருங்கி வருகிறது. மூட்டை வாயைக் கட்டிய பச்சைக் கயிற்றின் முடிச்சுகூட எனக்குத் தெரிந்தது. இடதுபக்கம் மேடும் கால்வாயும் இருந்ததால் பிழைத்தேன். அந்தப் பக்கம் பள்ளம் இருந்திருந்தால் இதை எழுத நான் இல்லை. ஹேண்டிலை இடதுபக்கம் திருப்பிக் கால்வாய்க்குள் விழுந்தேன்.

எழுந்ததும் முதலில் பார்த்தது அந்த ஒயரைத்தான். ஒயர் முனையிலுள்ள ஈயக் குண்டை லீவருக்குள் மாட்டுகிற இடத்தில் அறுந்திருந்தது. பிரேக் ஒயர் ஒரே கம்பி இல்லை, மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்தது. அறுந்த முனையில் முக்கால்வாசி இழைகள் துருப்பிடித்துப் பழுப்பாக இருந்தன. இரண்டு மூன்று மட்டும் வெள்ளையாக மின்னின. அப்படியென்றால் மற்றதெல்லாம் என்றைக்கோ அறுந்துவிட்டது. மிச்சமிருந்த இரண்டு மூன்று இழைதான் என்னை அதுவரை இறக்கிக்கொண்டு வந்திருக்கிறது. கடையில் ஒருதரம், ஒரே ஒருதரம், லீவரை அழுத்தி உள்ளே எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். புது ஒயர் ஐம்பது ரூபாய்கூட வராது.

சமவெளியில் பிரேக் போனால் மிதிப்பதை விட்டால் வண்டி தானாக நின்றுவிடும். இங்கே விட்டால்தான் வேகம் கூடும். பஸ்ஸையும் லாரியையும் கீழ் கியரில் இறங்கச் சொல்கிறோம், எஞ்சின் பிடிக்கும் என்று. சைக்கிளில் எஞ்சின் எங்கே இருக்கிறது? மிதிக்காமல் இருந்தாலும் ஃப்ரீவீல் பின்சக்கரத்தை ஓடத்தான் விடும். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் பாரம் பெரும்பாலும் முன்சக்கரத்துக்குச் சாயும், நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன்பிரேக்குக்குத்தான். இது ஒரு மலையூர் மெக்கானிக்குக்கு நான் போய்ச் சொல்லித்தர வேண்டிய விஷயமா?

கடைக்காரர் பேசிக்கொண்டிருக்கும்போதே கடை வாசலில் நின்ற பிள்ளைகளின் சைக்கிள்களை வரிசையாக அழுத்திப் பார்த்தேன். ஒன்றில் பிரேக் கட்டையின் ரப்பர் முழுக்கத் தேய்ந்து, உள்ளிருக்கும் இரும்பே ரிம்மைத் தேய்க்கிறது. "அது நாளைக்கு டெலிவரிங்ண்ணா, எல்லாம் முடிஞ்சுது" என்கிறார்! அந்தச் சைக்கிளில் இறங்கப்போகிற பிள்ளைக்கு எத்தனை வயசு இருக்கும்? கட்டையை மாற்றுகிறவரை அங்கேயேதான் நின்றேன்.

இதில் இன்னொன்றும் சொல்லணும். அந்த ஆறு தையல் சைக்கிளால் வந்தது இல்லை. கால்வாய்க்குள் கிடந்த பீர் பாட்டில் கிழித்தது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கே தடை இருக்கிற மாவட்டம் இது. போகிற வண்டியிலிருந்து கண்ணாடியை வீசிவிட்டுப் போகிறார்கள். அந்தக் கால்வாயைச் சுத்தம் செய்ய இறங்குகிறவர் கை என்ன ஆகும்? ராத்திரி அதே வழியாகத்தான் காட்டெருமை தேயிலைக்குள் இறங்கும். அதன் காலுக்கு யார் தையல் போடுவது?