சேர்க்கை கூடிருக்கு செரி, பாடம் எடுக்க ஆளு எங்க?

உயர்கல்வி பத்தின உங்க கட்டுரைல, தமிழ்நாட்ல காலேஜ் சேர்றவங்க விகிதம் 47 சதவீதம், இந்தியா அளவுல 28.4 தான்னு 2021-22 கணக்க வச்சி பெருமையா எழுதிருக்கீங்க, உள்ளது தான். அரசு பள்ளிக்கூடத்துல படிச்ச பொண்ணுங்களுக்கு புதுமைப்பெண் திட்டத்துல அரசு மாசாமாசம் குடுக்குற 1000 ரூவாயில நோட்டும் பரீட்சை பீசும் கட்டி டிகிரி முடிச்ச பிள்ளைங்க எங்க தெருவுலயே ரெண்டு பேரு உண்டு. ஆனா கிளாஸ் எடுக்கிறவங்க கதைய ரெண்டு வரில முடிச்சிட்டீங்களே?

எங்க சித்தி மவன் பிஎச்டி, காலேஜ் வாத்தியார் வேலைக்கான நெட் தகுதித் தேர்வும் பாஸ், ஒரு அரசு காலேஜ்ல கௌரவ விரிவுரையாளர், அதாவது தற்காலிக வாத்தியார், சம்பளம் 25 ஆயிரம், அதும் 11 மாசத்துக்கு தான், மே மாசம் கையில ஒண்ணும் வராது. யுஜிசி, அதான் பல்கலைக்கழக மானியக் குழு, 2019லயே இந்த மாதிரி ஆளுங்களுக்கு ஒரு கிளாசுக்கு 1500, மாசம் 50 ஆயிரம் வரை குடுக்கலாம்னு சொல்லியாச்சு. இவன் விடியறதுக்கு முன்னாடி அருமனை பக்கம் ரப்பர் பால் வெட்டிட்டு வந்து குளிச்சி பஸ் புடிச்சி ஓடுதான், மழை பெஞ்சா வெட்டும் கிடையாது. "பேர்லயாவது கௌரவம் இருக்குல்லா"ன்னு சித்தப்பா கிண்டல் வேற. 2024ல 4000 உதவிப் பேராசிரியர் போஸ்டிங்னு அறிவிச்சாங்க, உக்காந்து படிச்சான், பரீட்சைய தள்ளி வச்சிட்டாங்க.

நானும் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜ்ல மெக்கானிக்கல் எடுத்தவன் தான். கம்ப்யூட்டர் சயின்சுக்கு வரிசை, எங்க டிபார்ட்மெண்ட்ல பெஞ்சு காலி, அதனால ஆளுக்கு மூணு அட்மிஷன் கொண்டாங்கன்னு வெயில்ல பிளஸ் டூ பிள்ளைங்க வீடு வீடா அனுப்புனாங்க. நாலு மாச சம்பள பாக்கி. விட்டுட்டு வரேன்னா ஒரிஜினல் சர்டிபிகேட்ட தர மாட்டேங்கான். இப்ப மார்த்தாண்டத்துல மச்சான் கடைல கணக்கு பாக்கேன், சம்பளம் ஒண்ணாந்தேதி வந்துருது.